டாங்கி மாதிரியில் குண்டுத் துளை

1941 டிசம்பரில், மெர்கோங்குக்கு வடக்கே உள்ள ஜித்ராவில், கொட்டும் மழையில் ஜப்பானிய டாங்கிகள் புகுந்தன. எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை.

ஜப்பானியர் மலாயாவுக்குக் கொண்டுவந்த ‘ஹா-கோ’ டாங்கியின் கவசம் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர்தான். 35இல் ஒரு பங்கு மாதிரியில் அது 0.34 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்று எழுதுதாள்களின் தடிப்பு. மாதிரியின் நெகிழியோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அப்படியே துளையிட்டால் தடித்த பலகையைத் துளைத்ததுபோல் தெரியும். ஆகவே, அவ்விடத்தை உட்புறமிருந்து கத்தியால் சுரண்டி மெலிதாக்கிய பிறகே, சூடேற்றிய ஊசியால் குத்துவார்கள். டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் 14 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.4 மில்லிமீட்டர் துளை போதும். பலர் பென்சில் நுழையும் அளவுக்குக் குடைந்துவிடுகிறார்கள்!

அன்றே தாக்கப்பட்ட டாங்கி என்றால் துளையின் விளிம்புக்கு வெள்ளி நிறம். சில நாள் மழையில் கிடந்ததென்றால் துரு நிறம். எரிந்த டாங்கியில் சக்கரங்களைச் சுற்றியுள்ள ரப்பரும் கருகிப்போயிருக்கும். அதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.