அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறலாமா?

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சில நாள் காலையில் ஒரு வரி மட்டும் காத்திருக்கும்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது. என்ன எழுதினார், ஏன் எடுத்தார் என்று மனம் அலையும். சில வீடுகளில் கோபமாக எழுதிய செய்தியைவிட இந்த வெற்று வரிதான் அதிகச் சண்டை மூட்டுகிறது.

உள்ளே நடப்பது என்ன? நாம் அனுப்பிய செய்தி பெற்றவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'அனைவருக்கும் நீக்கு' என்று தொட்டால், முந்தையதை எடுத்துவிடச் சொல்லி அந்தக் கைப்பேசிக்கு இன்னொரு செய்தி போகிறது, அவ்வளவுதான். அதற்குள் அவர் படித்திருக்கலாம். வேறொருவருக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி அப்படியே நிற்கும். 2017-இல் இந்த வசதி வந்தபோது 7 நிமிட அவகாசம்தான் இருந்தது. 2022-இல் அது இரண்டு நாளுக்கும் சற்று மேலாக நீண்டது. டெலிகிராமோ 2019 முதல், பிறர் நமக்கு எழுதியதைக்கூட இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் அழிக்க விடுகிறது. இது அளவு மீறிய உரிமை என்றே நமக்குப் படுகிறது.

இந்தக் கேள்வி கைப்பேசியோடு பிறந்ததல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. சம்மதக் கடிதத்தைத் தபாலில் போட்டவர், அது எதிர்த் தரப்பின் கைக்குப் போய்ச் சேரும் கணம்வரை தந்தி அடித்துச் சம்மதத்தை விலக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது. கடிதத்தைத் தந்தி முந்த வேண்டும். 2013-இல் தந்தியே நின்றுபோனது. அந்த எல்லைக்கோடு மட்டும் இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

சேர்ந்துவிட்ட கடிதத்துக்கு என்ன வழி? எஸ்தர் நூலில் ஆமான் எழுதிய கொலை ஆணை, இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாநிலங்களுக்கும் போய்விட்டது. மன்னரின் முத்திரை விழுந்ததை மன்னராலும் மாற்ற இயலவில்லை. எனவே, யூதர்கள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது மடல் எழுதி, விரைவுக் குதிரைகளில் அனுப்பினார்கள். முதல் மடல் மறைக்கப்படவில்லை. அதற்கு மறுமொழி தரப்பட்டது.

2023 மே மாதம் வாட்ஸ்அப்பில் திருத்தும் வசதியும் வந்தது. அவகாசம் 15 நிமிடம். எழுத்துப் பிழை திருத்த நல்லதுதான். ஆனால் நம் ஆர்.எஸ்.புரம் கடைவீதியை எண்ணிப் பாருங்கள். துணி மீட்டர் 180 ரூபாய் என்று ஒருவர் அனுப்புகிறார். வாங்குபவர் அதை நம்பித் தன் வாடிக்கையாளரிடம் விலை பேசி முடிக்கிறார். பத்தாவது நிமிடத்தில் 180 என்பது 210 ஆகிறது. 'திருத்தப்பட்டது' என்ற சிறு குறிப்பு விழும். முன்பு என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. ஆப்பிள் கைப்பேசிகளின் செய்திச் செயலியிலோ அந்தக் குறிப்பைத் தொட்டால் பழைய வாசகம் தெரிகிறது. இதுவே நேர்மையான வழி. கொங்குச் சீமையின் வியாபாரத்தில் பெரும்பகுதி வாய்ச்சொல்லை நம்பியே நடக்கிறது. அந்தச் சொல் கேட்டவருக்கும் சொந்தம் அல்லவா?

பணத்தைவிடப் பெரியதும் இதில் உண்டு. 2022-இல் ஆப்பிள் இவ்வசதியைச் சோதித்தபோது, மனைவியை மிரட்டி எழுதும் கணவன் உடனே அதை அழித்துச் சாட்சியமே இல்லாமல் செய்துவிடுவானே என்று அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் எச்சரித்தார். வெளியீட்டுக்கு முன், திரும்பப் பெறும் அவகாசம் 15 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைந்தது. நம் பங்கில் அப்படிப்பட்ட செய்தி பெறும் சகோதரி யாரேனும் இருந்தால், பதில் எழுதும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் எண்ணும் நேரமும் அதில் தெரியட்டும். நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அதை அனுப்பி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.