வீடு தேடி வரும் பொருள் திரும்பிப் போகுமா?

இன்னைக்கு ஆன்லைன்ல பொருள் வாங்குறதுல இருக்கிற குறைகளைப் பத்திப் பேசப்போறேன். வாங்கவே கூடாதுன்னு சொல்ல வரல, நானும் வாங்குறவன்தான்.

எங்க ஊர் முத்தாண்டிக்குப்பம், முந்திரி விளையுற பூமி. இங்க யாரும் பருப்பைக் கையில அள்ளிப் பார்க்காம விலை பேச மாட்டாங்க. 320-ஆம் நம்பர் பருப்புன்னா ஒரு பவுண்டுக்கு 300-லேர்ந்து 320 பருப்பு நிக்கும். 240-ஆம் நம்பர் அதைவிடப் பெரிசு. போன்ல படத்தைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்! பருப்பு நமத்துப் போயிருக்கான்னு படம் சொல்லாது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச முதல் குறை.

ரெண்டாவது குறை, எனக்குப் பட்டபிறகுதான் தெரிஞ்சது. போன வருஷம் அம்மாவுக்கு ஒரு மிக்சி ஆர்டர் பண்ணேன். கடைத்தெருவில் சொன்ன விலையைவிட 600 ரூபாய் கம்மி. பிரிச்சுப் பார்த்தா ஜார்ல விரிசல். திருப்பி அனுப்பலாம்னு போனா, 'உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்புங்கள்'னு பதில். கொண்டுவந்து கொடுக்க வழி இருக்கு, எடுத்துட்டுப் போக வழி இல்லையாம். கூரியர் செலவு, அலையுறதுக்கு ஒரு நாள் கூலி, இதுலயே அந்த 600 போயிடுச்சு.

இதுக்குச் சட்டம் இருக்கு. 2020-ல வந்த மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. நம்ம புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள்ள குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ளணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். தீரலைன்னா 1915-க்குக் கூப்பிடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம குடியிருக்கிற மாவட்டத்துலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. எங்களுக்குக் கடலூர் போதும்.

ஆனா ஆதாரம் நம்ம கையில இருக்கணும். அதனால மூணு விஷயம் செய்யுங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே, உங்க ஊர்லேர்ந்து திரும்ப எடுத்துப்பாங்களான்னு பாருங்க. பெட்டியைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடாதீங்க, போலி நம்பர்கள் நிறைய. ஆப்புக்குள்ள இருக்கிறதை மட்டும் நம்புங்க. பணம் பறிபோனா உடனே 1930.

அன்னைக்கு அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம கடைக்காரர்கிட்ட வாங்கியிருந்தா, ஜாரைத் தூக்கிட்டுப் போய் அவர் முன்னாடி நின்னிருப்பேன். இப்ப யார் முன்னாடிடா போய் நிக்கிறது?"

கம்மியான அந்த 600 ரூபாய்க்கு நான் விட்டுக்கொடுத்தது அந்த வாசலைத்தான்.