தெள்ளுப் பிடித்த பூனையும் நானும்

கடந்த மாரி மழையோடு ஒரு பூனை எனது வாடகை அறையின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கும் பத்திக்குள் மூன்று நாட்களாக அது கிடந்திருக்கிறது. நான் காலையில் கிராமங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறவள், ஆகையினால் முதலில் கவனிக்கவில்லை. நான்காம் நாள் மாலை அது கதவு நிலையில் வந்து படுத்துக்கொண்டது. துரத்தியும் போகவில்லை. போகச் சீவன் இருக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு வயது மதிக்கத்தக்க பெட்டைப் பூனை. சாம்பல் நிறம், வாலின் நுனி முறிந்தது. தடவிப் பார்த்தால் முள்ளந்தண்டு கையில் தட்டுப்பட்டது. வீட்டில் இருந்த பாலும் சோறும் ஒரு கோப்பையில் போட்டு வைத்தேன். சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாலில் இரண்டு நக்கு நக்கியது, அன்றிரவே வயிற்றோட்டம். காலையில் என் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள். நுளம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பூனையின் கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தபோது மிளகுத்தூள் போலக் கருந்துகள்கள். அன்று பின்னேரமே நகரத்தில் ஒரு கடைக்குப் போய்த் தெள்ளுக்கு மருந்து கேட்டேன். நாய்க்குப் போடும் தூள் ஒன்றை எடுத்துத் தந்து, “எல்லாத்துக்கும் போடலாம் தங்கச்சி” என்றார்கள். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிரவே போட்டிருப்பேன். மின்சாரம் தடைப்பட்டதால் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அந்த மின்வெட்டுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் கிளிநொச்சி மேற்கில், அக்கராயன் பக்கத்தில் எனக்கு வீட்டுத் தரிசிப்பு. அங்கே ஒரு அம்மா இருக்கிறார். அறுபதை அண்டிய வயது. 2009 மே மாதத்திற்குப் பிறகு மூத்த மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் முதல் நாளிலிருந்து இருந்தவர்களில் ஒருவர். என்னோடு அளவாகத்தான் பேசுவார். படிவத்தில் உள்ள கேள்விக்குப் பதில், ஒரு தேநீர், அவ்வளவுதான். ஐந்து வருடப் பழக்கத்தில் இதற்கு மேல் நாங்கள் போனதில்லை.

அன்று நான் இருந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்ததைக் கண்டு, “என்ன பிள்ளை, தெள்ளோ?” என்று கேட்டார். பூனையின் கதையைச் சொல்லி, தூள் பெட்டியையும் எடுத்துக் காட்டினேன். சட்டென்று கையிலிருந்து வாங்கி அதைத் தூர வைத்தார்.

“இதைப் போடாதை. நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. நாங்கள் மீளக்குடியேறி வந்த புதிசிலை அயலுக்கை ஒரு பெட்டை அறியாமல் போட்டு, அந்தப் பூனை நடுங்கி நடுங்கிச் செத்தது. நான் கண்ணாலை கண்டனான்.”

பெட்டியின் பின்பக்கத்தில், நாய்களுக்கு மாத்திரம் என்று எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. பட்டம் பெற்ற நான் அதை வாசிக்கவில்லை. நாய்களுக்கான தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற இரசாயனம் இருக்கிறது. நாயின் உடல் அதைச் சமாளித்துவிடும். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் வலு இல்லை. நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துவிடும். எமது வீடுகளில் எப்போதும் இருக்கும் பனடோலும் அப்படித்தான். பூனைக்குக் காய்ச்சல் என்று இரங்கி ஒரு பாதிக் குளிசை கொடுத்தால் அதுவே அதன் உயிரை எடுக்கப் போதும். மண்ணெண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கித் துடைக்கும் பிராணி என்பதை நினைத்தால், பூசியது முழுவதும் அதன் வயிற்றுக்குள்தான் போகும். வேப்பெண்ணெய்க்கும் இதே கதைதான்.

அதன் பிறகு அம்மா கேட்ட கேள்விகள் ஒரு வைத்தியர் கேட்பது போலவே இருந்தன. முரசு என்ன நிறம்? மூக்கு அடைத்திருக்கிறதா? மலத்தில் அரிசி மாதிரி ஏதும் ஊருகிறதா? தோளடித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, அப்படியே நிற்கிறதா? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. “போய்ப் பார்த்துப்போட்டு எனக்கு ஃபோன் எடு” என்றார். அவர் என்னைத் தொலைபேசி எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, பேன்சீப்பால் பூனையை அதன் மேல் வாரினேன். விழுந்த கருந்துகள்கள் ஈரத்தில் கரைந்து செம்மண்ணிறமாகப் பரவின. அது தெள்ளின் எச்சம். அதாவது தெள்ளு குடித்துச் சமித்த பூனையின் இரத்தம். வெறும் அழுக்காக இருந்தால் கறுப்பாகவே கிடந்திருக்கும். முரசைப் பார்த்தேன். ரோசா நிறத்தில் இருக்கவேண்டியது வெளிறிப் போயிருந்தது. நலிந்த பூனைக்கும் குட்டிகளுக்கும் தெள்ளு வெறும் கடி நோய் அல்ல. இரத்தம் குறைந்து சோகை பிடித்து, சாப்பிடவும் வலுவில்லாமற் போகும். சாப்பிடாததால் மேலும் நலியும், தன்னை நக்கிச் சுத்தம் செய்வதையும் விட்டுவிடும், தெள்ளு இன்னும் பெருகும்.

அன்று வெள்ளிக்கிழமை. மிருக வைத்தியரிடம் திங்கட்கிழமைதான் போக முடியும். அதுவரை பூனை சாப்பிடாமல் இருக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் அம்மா. அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு வைத்தியர் விளக்கினார். பூனை இரண்டு மூன்று நாள் முற்றாகச் சாப்பிடாமல் விட்டால், உடம்பில் உள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் பழுதாகத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிறு குட்டி என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது.

பூனை நாக்கால் அல்ல, மூக்கால் சாப்பிடுகிறது. மணம் பிடிக்காவிட்டால் சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது. ஆகவே மூக்குச் சளியை இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டேன். சந்தையில் சூடைமீன் கொஞ்சம் வாங்கி, உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எதுவும் இல்லாமல் அவித்து, முள்ளெடுத்துப் பிசைந்து, இளஞ்சூடாக வைத்தேன். கறிச்சட்டியில் மிஞ்சிய மீனைக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. ஏற்கனவே சோகை பிடித்த பூனைக்கு அது இரட்டைத் தண்டனை. பாலை முற்றாக நிறுத்தினேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசுப்பால் செமிக்காது. தண்ணீர்தான் வேண்டும்.

“மனிசருக்கே மீன் வாங்க வழியில்லை, பூனைக்கோ?” என்று கேட்கும் சகோதரிகள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. எனது அறைக்காரம்மாவும் அதைத்தான் கேட்டார். சந்தையில் கழித்துப் போடும் தலையும் வாலும் கேட்டால் தருவார்கள். அதை அவித்துப் பிசைந்து கொடுத்தாலே போதும். சோறு கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் வெறும் சோற்றில் பூனை வாழாது. மீனோ இறைச்சியோ முட்டையோ அதற்குக் கட்டாயம்.

முதல் நாள் தொடவில்லை. கோப்பையைக் கிட்டக் கிட்ட நகர்த்தி, நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு தொலைபேசியில் இதைச் சொன்னதும் அம்மா ஏசினார். “நீ முகத்துக்கு நேரை பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்பிடிச் சாப்பிடும்? புது இடம். பயம். ஒரு மட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி மூலையிலை வை. உள்ளுக்கை பழஞ்சீலை போடு. சாப்பாட்டை வாசலடியிலை வைச்சிட்டு விளக்கை நூத்துப்போட்டுப் போய்ப் படு. மீன் சாற்றிலை கொஞ்சம் முன்னங்காலிலை தடவி விடு, நக்கும்.”

அப்படியே செய்தேன். நடுச்சாமத்தில் நக்கும் சத்தம் கேட்டது. எழும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. அசையாமல் படுத்துக் கிடந்தேன். விடியப் பார்க்கும்போது இரண்டு தேக்கரண்டி அளவு குறைந்திருந்தது. காலை ஆறு மணிக்கு அம்மாவின் அழைப்பு. “சாப்பிட்டதோ?”

அதன் பிறகு அந்தக் கேள்வி தினமும் வந்தது. ஞாயிறு மாலை அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 2008 இன் பிற்பகுதியில் அவர்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஒரு பூனை நான்கு குட்டி போட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததாம். மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கோழியைக் கூட்டோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். பூனையை யார் நினைத்தார்கள். மகன்தான் இரண்டு முறை இறங்கி ஓடிப்போய் அரிசிச் சட்டியைக் கவிழ்த்துக் கருவாடு வைத்துவிட்டு வந்தானாம். “நாங்கள் நாலைஞ்சு நாளிலை வந்திடுவம் எண்டு நினைச்சம். அதுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்திட்டன் பிள்ளை.” முகாமில் இருந்து 2010 இல் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அயலில் ஒரு பூனையும் இல்லை. அதன் பின் அவர் எந்தப் பிராணியும் வளர்க்கவில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் குடும்பம் என்ற அலகுக்கு எத்தனையோ வரைவிலக்கணங்கள் எழுதியிருக்கிறேன். வேலைக்கு வந்த பின் இழப்பு விபரப் படிவங்கள் நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். மாடு, ஆடு, கோழி என்று அவற்றில் நிரல்கள் இருந்தன. பூனைக்கு இருக்கவில்லை. நானும் ஒருவரிடமும் கேட்டதில்லை. மகன் கருவாடு வைத்த கதை ஐந்து வருடமாக எந்தப் படிவத்திலும் விழாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் பனையோலைக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டிக் கொண்டுபோனேன். வைத்தியர் நிறுத்துப் பார்த்தார், ஒரு கிலோ எண்ணூறு கிராம். பிடரியில், அது நக்க எட்டாத இடத்தில், பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை விட்டார். நிறைக்கு அளவாகப் பூச்சி மருந்தும் கொடுத்தார். மலத்தில் அரிசி போலக் காணப்படுவது நாடாப்புழுவின் துண்டுகள். உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் அது பூனைக்கு வருகிறது. ஆகவே தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. நலிந்த பூனையைக் குளிப்பாட்டவேண்டாம், குளிரிலேயே போய்விடும் என்றார். பேன்சீப்பால் வாரி, சவர்க்கார நீர்க் கோப்பைக்குள் தெள்ளை அமிழ்த்தினால் போதும். தேறிய பூனை என்றால் குளிப்பாட்டலாம். அப்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஏறிவிடும்.

பூனையில் நாம் காணும் தெள்ளு கொஞ்சம்தான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்கூட இடும். முட்டை மயிரில் ஒட்டாமல் பாயிலும் தரை வெடிப்பிலும் உதிர்ந்து, புழுவாகி, கூடு கட்டி மாதக்கணக்கில்கூடக் காத்துக்கிடக்கும். அதனால் தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை எரித்தேன். பழஞ்சீலையைக் கொதிநீரில் அவித்தேன். பாயும் தலையணையும் வெயிலில். மண் தரை உள்ள வீடுகளில் வெடிப்புகளை மெழுகி அடைப்பது நல்லது. ஒரு கிழமையோடு முடியும் வேலை இல்லை, மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டும். கணுக்கால் கடி எனக்கு ஐந்தாம் கிழமைதான் நின்றது.

இன்னுமொன்று. கூடைக்குள் வைக்கும்போது பூனை என் கையைக் கீறிவிட்டது. தெருவில் இருந்து வந்த பூனை கடித்தாலோ கீறினாலோ, உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விசர் நோய் நாயால் மட்டும் வருவதல்ல. நான் போய் ஊசி போட்டுக்கொண்டேன். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலம் அள்ளும் வேலையை வேறொருவர் பார்க்கவேண்டும்.

நான்கு கிழமை கழித்து இரண்டாவது சொட்டு மருந்துக்குத் திகதி. அம்மா அதைக் கேட்டு வைத்திருந்து, நகரத்துக்கு வந்த அன்று நேராக என் அறைக்கு வந்தார். கையில் ஒரு சிறிய எனாமல் கோப்பை. “வீட்டிலை சும்மா கிடந்தது” என்றார். பூனை பெட்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவர் கூப்பிடவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. முற்றத்துக் கதிரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னோடு நெல் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலத்தில் பூனை வந்து அவரது சேலைக் கரையில் முகத்தைத் தேய்த்தது. “பேர் வைச்சிட்டியோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வையாதை” என்றார்.

இப்போது அது இரண்டரைக் கிலோ. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு சாப்பாடு கொடுக்காமல் வைத்திருக்கவேண்டும், திரும்பி வந்த பின் இரண்டு நாளாவது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். எனக்கு அந்தக் கிழமை முல்லைத்தீவில் பயிற்சி. அம்மா வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.