தை, மாசி மாதங்களிலே பரவைக் கடல் மீன்பிடி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்தே கடலைச் சேர்ந்து ஓய்ந்துவிடும். ஆற்றின் தொழிலை நமக்குச் செய்து தருவன பரவைக் கடல்களே. யாழ்ப்பாணக் களப்பு, வடமராட்சிக் களப்பு, உப்பாறு ஆகிய மூன்றும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழைநீரை ஏந்திக்கொள்கின்றன. நெல் அறுவடை முடிந்து கைவேலை குறைந்த கமக்காரர் சிலர் வலையோடு இக்கரைகளில் இறங்குவது உண்டு. இப்பிரசுரம் அவர்களுக்காகவே எழுதப்படுகின்றது. பரம்பரைக் கடற்றொழிலாளருக்குக் கடலைக் கற்பிக்க இதை எழுதுபவன் முனையவில்லை.

குளிர் நாடுகளிலே ஏரியும் ஆறும் மேற்பரப்பில் உறைந்துபோக, அடியிலே நீர் நீராகவே நிற்கும். அந்நாட்டார் உறைந்த பரப்பைத் துளைத்துத் தூண்டில் இடுவர். நீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகி, இரையைக் குறைத்து, ஆழத்தில் ஒதுங்கும் என்பதை அவர்கள் நன்கறிவர். நமது களப்பு உறைவதில்லை. தை மாதத்து இரவிலும் காற்றின் வெப்பநிலை 22 பாகை செல்சியசு அளவில் நிற்கும். ஆயினும், இடுப்பளவு நீர் ஓர் இரவு வாடைக்கே விரைந்து குளிர்ந்துவிடும். ஆகவே, விடியற்காலையில் கரையோர மேட்டை விட்டு, வாய்க்கால்போல் ஆழ்ந்த இடங்களை நாடுதல் நன்று. வெயில் ஏறியபின் மணலையும் ஓராவும் மேட்டுக்கு வரக் காணலாம். வற்றும் பெருக்கும் நம் பக்கத்திலே சிறியன. பலத்த வாடை அவற்றின் கணக்கையே குழப்பிவிடும். காற்றைப் பாராது பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி இறங்குபவர் ஏமாறுவர்.

இப்பருவத்தின் பெருஞ்செல்வம் இறால். அதன் வாழ்க்கையை அறியாமல் வலை போடுவதே நாம் செய்யும் பெரும் பிழை. தாய் இறால் கடலிலே இலட்சக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. அவை ஒரு நாளுக்குள் பொரித்து, இரண்டு மூன்று வாரங்களில் மயிரிழை போன்ற குஞ்சுகளாகி, பெருக்கு நீரோடு களப்பினுள் நுழைகின்றன. சாதாளைப் படுகைகளிலே ஒளிந்து, இரை தின்று, சில மாதங்கள் வளர்ந்தபின், முட்டையிடுவதற்காக வற்று நீரோடு மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. மாரியிலே புகுந்த குஞ்சுகள் தையிலே இரண்டங்குல நீளமே இருக்கும். அதுவே நாலங்குலமாக வளர்ந்தால் விலை இரட்டிப்பாகும் என்று நினைப்பவர் உளர். நீளம் இரட்டித்தால் அகலமும் தடிப்பும் உடன் இரட்டிக்கும். எனவே நிறை எட்டு மடங்காகும். வழியில் சில இறந்துபோனாலும் இலாபம் நமதே. குடலைப் பருவத்து நெல்லை அறுக்கும் கமக்காரனை ஊரார் என்ன சொல்வர்? சிறுகண் வலையால் தை மாதத்து இறாலை வாரி, கருவாட்டுக்குக் காயவைப்பவன் செய்வதும் அதுவேயன்றோ.

ஆகவே, சிறகு வலை கட்டுவோர் அகன்ற கண்ணுள்ள வலையையே பயன்படுத்துக. வாய்க்காலைக் கரைக்குக் கரை அடைக்காது, நடுவிலே வழி விடுக. சாதாளையை வேரோடு இழுத்து எறிய வேண்டாம். தங்கூசி வலைக்கு 2006 ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. நஞ்சும் வெடியும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றமாகும்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உவர்நீர் உட்புகாமல் தடுத்து, மழைநீரைத் தேக்கினால் கிணறுகள் நன்னீராகும் என்பது 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின் அடிப்படை. கமக்காரருக்கு அது இனிய செய்தி. ஆனால், மூடிய கதவினூடே இறால் குஞ்சு உள்ளே வராது. வளர்ந்தது வெளியே போகாது. கமக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டிய நானே சொல்கின்றேன்: கதவைத் திறக்கும் நாளைக் கமக்காரர் மட்டும் கூடித் தீர்மானிப்பது முறையன்று. கடற்றொழிலாளர் சங்கத்தாரையும் அழைத்துப் பேசுங்கள்.

மாசி கடந்தால் வெயில் ஏறி, நீர் வற்றி, உவர் மிகும். அப்பொழுது பள்ளங்களிலே அகப்பட்டுக்கொண்ட மீன் தானே மடியும். அதைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

கலங்கல் நீரில் நடப்போர் காலைத் தூக்கி வைக்காது, சேற்றிலே உரசி உரசி நகர்த்துக. திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரிலே காலை ஒரு மணி நேரம் வரை வைத்திருக்க, வலி தணியும். சூட்டினால் அந்நஞ்சு கெடும். முள் ஆழப் பதிந்திருந்தால் பிடுங்காது ஆசுபத்திரிக்குச் செல்க.

பிடித்த இறாலை வெயிலில் குவிக்காமல் உடனே கழுவி, ஒரு பங்கு இறாலுக்கு ஒரு பங்கு ஐஸ் என மாறி மாறி அடுக்குக. உருகும் நீர் வடிந்தோடப் பெட்டியின் அடியிலே துளை இருத்தல் வேண்டும். தாமதித்தால் தலை கறுக்கும். கறுத்த இறாலுக்கு வியாபாரி சொல்வதே விலை.