பாடம் கடைமடைக்கும் பாய வேண்டும்

வாய்க்காலின் தலைப்பில் நீர் நிறைந்து ஓடுவதைக் கண்டு கடைமடை விவசாயி மகிழ்ந்துவிட இயலாது. தம் வயலில் நீர் ஏறினால்தான் அவருக்குப் பயிர். இணையத்தின் வழியே கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பும் முயற்சியும் இத்தகையதே.

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் தாமே பாடங்களைப் பதிவு செய்து பெற்றோரின் கைபேசிகளுக்கு அனுப்பலாயினர். பள்ளிகள் திறந்த பின்னரும் சிலர் அதைத் தொடர்ந்து செய்து வருகின்றனர். காய்ச்சலினாலோ வீட்டு வேலையினாலோ பள்ளிக்கு வாராத பிள்ளை, விட்டுப்போன பாடத்தைப் பெற இது நல்ல வழி. ஆயினும் இப்பணியில் ஆசிரியருக்கு ஏற்படும் இடையூறுகளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நேரமும் கருவியும்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அவ்விருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்திப் பதிவேடுகளையும் எழுத வேண்டும். பத்து நிமிடப் பாடத்தை எழுதி, பதிவு செய்து, பிழை திருத்துவதற்குள் ஒரு மாலைப் பொழுது சென்றுவிடும். அலைத்தொடர்பு குறைந்த ஊரில் அதை அனுப்புவதும் எளிதன்று. பாடத்தைக் குரலாக மட்டும் பதிந்து, கரும்பலகையின் படம் ஒன்றை உடன் அனுப்பினால், காணொளியைவிடப் பன்மடங்கு சுருக்கமாக அமைந்து விரைவில் போய்ச் சேரும்.

வீட்டில் ஒரே கைபேசி

நான் பார்வையிட்ட ஒரு பள்ளியில், ஆசிரியை ஒருவர் படி, உரி, உழக்கு ஆகிய அளவுகளைக் கொண்டு பின்னக் கணக்கை அழகாக விளக்கிப் பதிந்திருந்தார். எத்தனை பேர் கேட்டீர்கள் என்று வினவினேன். பாதிப் பேர்கூடக் கை தூக்கவில்லை. ஒரு சிறுமியின் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. விடியுமுன் அதை எடுத்துக்கொண்டு அறுவடை வேலைக்குச் செல்லும் தந்தை, அவள் உறங்கிய பின்னரே திரும்புவார். வீட்டுக் கணக்கு எழுதாததற்காக அவள் இருமுறை வகுப்பில் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். குற்றம் பிள்ளையுடையதன்று, ஆசிரியையுடையதுமன்று. ஆனால் இந்நிலை நீடித்தால் வசதியுள்ள பிள்ளை முன்னேறும். இல்லாத பிள்ளை மேலும் பின்தங்கும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவதாக, எந்தெந்த வீட்டில் பிள்ளைக்குக் கைபேசி கிடைப்பதில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழு கணக்கெடுக்க வேண்டும். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே ஆதலால் இது கடினமன்று.

இரண்டாவதாக, 2006-07 முதல் 2010-11 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகத்தைப் பழுது பார்த்து, மாலையில் திறந்து வைத்து, பாடம் கேட்க ஒரு கருவியை அங்கே அமைக்கலாம். இதனைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானிக்கலாம். மேற்கூறிய ஊரில் அவ்வாறே செய்தனர். அச்சிறுமி இப்பொழுது அங்கே அமர்ந்து கணக்குப் போடுகிறாள்.

மூன்றாவதாக, ஆசிரியர் மாற்றலாகும்போது பாடங்களும் அவரது கைபேசியோடு போய்விடுகின்றன. அவற்றின் பிரதி பள்ளியில் இருக்குமாறு குழு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

நான்காவதாக, பாடத்தில் பிள்ளைகளின் முகமோ பெயரோ இடம்பெறுமாயின் பெற்றோரின் சம்மதத்தை முன்னரே பெறுதல் நலம். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தை வற்புறுத்துகிறது.

விவசாய அன்பர்களும் வாரத்தில் இரு மாலையேனும் அரை மணி நேரம் கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்து உதவலாம். குடிமராமத்தில் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரியதனால்தான் கடைமடைக்கு நீர் சென்றது. பாடம் சென்று சேரும் வழியையும் அவ்வாறே ஊர் கூடிச் செப்பனிடுவோமாக.