கை ஒருபுறம், கண் மறுபுறம்



ரைஃபிள் சுடும் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுள் சிலர், கை நடுங்காமல், மூச்சை அடக்கி, ஆசிரியர் சொன்னவாறே செய்தும் மீண்டும் மீண்டும் குறி தவறுவதுண்டு. "கவனம் போதாது" என்ற பழி அவர்கள்மீது விழுகிறது. நாளடைவில் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. ஆனால் குறை கவனத்தில் இல்லாமல், துப்பாக்கி அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் பொருந்தாமல் இருப்பதே காரணமாகலாம்.

இரு கண்களுள் ஒரு தலைமை

இரு கண்களும் தனித்தனியே காண்பதை நாம் எவ்வாறு ஒன்றாக உணர்கிறோம் என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். மரப்பலகையில் கோடுகள் வரைந்து, மெழுகுத் துண்டுகளை நிறுத்தி, ஒன்றை உற்று நோக்கும்போது மற்றவை இரட்டையாகத் தோன்றுவதைத் தம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் அவர் விளக்கினார். இவ்விரு காட்சிகளுள் ஒன்றுக்கே நாம் முதன்மை அளிக்கிறோம் என்பதை 1593இல் இத்தாலியரான போர்ட்டா எழுதினார்.

மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வலக்கண்ணே முதன்மைக் கண். எஞ்சியோருள் பெரும்பாலோருக்கு இடக்கண். கை வழக்கத்தைக் கண் பின்பற்றியே தீரவேண்டும் என்பதில்லை. வலக்கையை மூளையின் இடப்பாதி இயக்குகிறது. ஒவ்வொரு கண்ணின் நரம்புகளோ மூளையின் இரு பாதிகளுக்கும் செல்கின்றன. ஆகவே, வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கண் முதன்மையாக அமைவது நோயுமன்று, ஊனமுமன்று.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துவாரம் அமையுங்கள். இரு கண்களையும் திறந்தவாறு, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதனூடே பாருங்கள். பின்னர் கண்களை மாறி மாறி மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் மறையாமல் நிற்கிறதோ, அதுவே முதன்மைக் கண். பலமுறை செய்து பார்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

ரைஃபிளை வலத்தோளில் அணைத்து, கட்டையில் கன்னம் பதித்தால், பின்புறக் குறித்துளைக்கு நேரே வருவது வலக்கண். இடக்கண் முதன்மையானால் அது காணும் காட்சி குறுக்கிட்டுக் குழப்பும். கழுத்தை வளைத்து இடக்கண்ணைத் துளைக்குக் கொண்டுவந்தாலோ, கன்னம் நிலையிழந்து கழுத்தும் நோகும்.

மூன்று வழிகள்

முதல் வழி, தோளை மாற்றுவது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இதுவே பெரும்பாலும் எளிது. பழகிய கையையும் மாற்ற இயலும் என்பதற்கு ஹங்கேரியின் காரோலி தகாச் சான்று. 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த அவர், இடக்கையால் பழகி, 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் கைத்துப்பாக்கி சுடுவதில் தங்கம் வென்றார்.

இரண்டாவது, இடக்கண்ணுக்கு முன் சிறு மறைப்பு வைத்து வலக்கண்ணுக்கு வேலை கொடுப்பது. கண்ணை இறுக மூடினால் முகத்தசைகள் களைத்துவிடும். ஆகவே ஒளி ஊடுருவும் வெண்ணிறத் தகடே நன்று. நெற்றியிலிருந்து தொங்கும் மறைப்பின் அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது சர்வதேசப் போட்டி விதி.

மூன்றாவது, துப்பாக்கியையே மாற்றியமைப்பது. வலக்கண்ணில் பார்வை இழந்தோருக்காக, வலத்தோளிலிருந்து இடக்கண் வரை வளைந்து செல்லும் மரக்கட்டைகளை இலண்டன் துப்பாக்கித் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கினர். இன்றைய ரைஃபிளில் கட்டையைத் தொடவேண்டியதில்லை. முன்புறக் குறி வளையம், பின்புறக் குறித்துளை இரண்டையும் உலோகத் தாங்கிகளில் பொருத்தி, கண்களுக்கிடையேயுள்ள தொலைவான சுமார் 6 சென்டிமீட்டர் இடப்புறம் நகர்த்துகிறார்கள். கன்னம் தன்னிடத்தில் நிற்க, இடக்கண் நேராகப் பார்க்கிறது.

இங்கே ஒரு கணக்கு உண்டு. பார்வைக்கோடும் குழலும் இணையாகவே சென்றால், குண்டு எப்போதும் 6 சென்டிமீட்டர் வலப்புறமே படும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் வளையங்கள் மொத்தமே 45.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. குண்டு அவற்றைத் தொடாது. எனவே இரு கோடுகளும் 10 மீட்டரில் சந்திக்குமாறு குறித்துளையைச் சற்றே திருத்தவேண்டும். அதே திருத்தத்தை 50 மீட்டர் ரைஃபிளில் வைத்தால், குண்டு 24 சென்டிமீட்டர் இடப்புறம் விலகிவிடும்! ஆகவே தூரம் மாறினால் திருத்தமும் மாறவேண்டும்.

ஒருபுறம் எடை கூடுவதால் துப்பாக்கி இடப்புறம் சாய முயலும். அச்சாய்வும் குறியைக் கெடுக்கும். எதிர்ப்புறம் சிறு எடை சேர்த்துச் சமன் செய்யலாம். எம்மாற்றமும் செய்யுமுன் துப்பாக்கியில் குண்டில்லை என்பதை உறுதிசெய்வதும், பயிற்சியாளர் முன்னிலையிலேயே செய்வதும் கட்டாயம்.

பெற்றோர்களே! அம்பெய்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதை அறிவோம். அந்த ஆர்வத்தோடு குறி பழக வரும் பிள்ளை தடுமாறினால், கடிந்து பேசுமுன் அதன் கண்ணைச் சோதியுங்கள். இறைவன் அமைத்த கண்ணை மாற்ற நம்மால் இயலாது. மனிதன் செய்த கருவியை மாற்ற ஒரு திருகாணியே போதும்!