வாவிக்கரையில் வேரூன்றிய கூடைப்பந்தாட்டம்

1967ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவில் வந்திறங்கிய மூன்று கொரிய ஆசான்கள் தொடக்கிவைத்த டைக்வொண்டோப் பயிற்சி, நாற்பத்தைந்து வருஷங்கள் கழிந்தபின், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் அரங்கில் செபாஸ்தியான் கிரிஸ்மானிச் என்னும் அந்நாட்டு இளைஞரின் கழுத்தில் தங்கப் பதக்கமாகத் தொங்கியது. உருகுவே, பராகுவே முதலிய அயலிலுள்ள சிறிய தேசங்களிலும் அக்கலை இன்று பயிலப்பட்டு வருகின்றது. கொரியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே பாஷையாலோ சமயத்தாலோ யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்தும் இது கைகூடியமைக்குக் கலையின் மகிமையைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. என் அபிப்பிராயத்தில், கலையைக் கொண்டுபோனவர்கள் காட்சி காட்டிவிட்டுக் கப்பலேறாமல் சென்ற இடத்திலேயே குடியிருந்து கற்பித்தார்கள் என்பதே மெய்யான காரணம். இதே விதமான ஒரு சரித்திரம், அவ்வளவு தூரம் போகாமலே, நமது மட்டக்களப்பு வாவிக்கரையிலும் நிகழ்ந்திருக்கின்றது. இங்கு வந்தது போர்க்கலையன்று, கூடைப்பந்தாட்டம். கொண்டுவந்தவர்கள் குடியேறிகளல்லர், துறவிகள்.

1873ஆம் ஆண்டில் தொடக்கம் பெற்ற புனித மிக்கேல் கல்லூரி, வாவி நீர் சூழ்ந்த புளியந்தீவில் இருக்கின்றது. 1895ஆம் ஆண்டு முதல் கிழக்கிலங்கையில் ஊழியஞ் செய்துவந்த பிரெஞ்சு தேசத்து இயேசு சபையினரின் பொறுப்பு, இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர், அச்சபையின் அமெரிக்கக் குருமாரிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்துச் சதுப்பையும் புழுக்கத்தையும் நுளம்பையும் அறிந்து வளர்ந்தவர்களுக்கு மட்டக்களப்பின் நீரும் வெயிலும் பெரிய அதிசயமாய் இருந்திரா. ஹரல்ட் வெபர், யூஜின் ஹெபர்ட், பெஞ்சமின் மில்லர் ஆகிய குருமார் 1940களின் பிற்பகுதியில் இவ்வாறு வந்து சேர்ந்தவர்களே. வேதத்தையும் ஆங்கிலத்தையும் கற்பித்ததோடு நில்லாமல், தம் நாட்டுப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் விளையாடும் விளையாட்டையும் இவர்கள் உடன் கொண்டுவந்தனர்.

அவ்விளையாட்டின் பிறப்பே விசித்திரமானது. மற்ற விளையாட்டுகள் பல தலைமுறைகளினூடே தாமாக உருவெடுத்திருக்க, இதுவோ 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் யோசித்து அமைக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஓடியாட முடியாமல் சலிப்புற்றிருந்த பதினெட்டு மாணவரை மண்டபத்துக்குள்ளேயே விளையாட வைக்க வேண்டும், அதே சமயம் ஒருவரையொருவர் முட்டி மோதிக் காயப்படுத்தவுங் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது என்று விதித்தால் ஓடுபவனை மறித்து வீழ்த்த வேண்டிய அவசியமே எழாது. இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால் பலமாக எறிவதிற் பயனில்லை, பந்தை மெல்ல வளைத்து மேலெழுப்பி விடுவதே வெற்றி தரும். இப்படி யோசித்துப் பதின்மூன்று விதிகளை எழுதிய அவர், பீச் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டை மண்டபத்தின் மாடிக் கைப்பிடியில் அடித்துப் பொருத்தினார். அந்தக் கைப்பிடி தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்ததனால் இன்றும் வளையம் பத்தடி உயரத்திலேயே இருக்கின்றது.

ஐந்து பேர் ஒரு பக்கம். இருபத்தெட்டு மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் உள்ள தளம். கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரந்த வெளி இதற்குத் தேவையில்லை. நாற்புறமும் நீரால் நெருக்கப்பட்ட புளியந்தீவைப் போன்ற இடத்தில் ஒரு பாடசாலை இவ்விளையாட்டைத் தன்னுடையதாக்கிக் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் இடம் சிறிதாயினும் தளம் கெட்டியாக இருக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையின் மணலிற் பந்தைத் தட்டினால் அது எழும்பாது, அங்கேயே அமர்ந்துவிடும். ஆகையால் சீமெந்துத் தளமும் அதைப் போடுவதற்குப் பணமும் பராமரிப்பதற்கு ஒரு ஸ்தாபனமும் உள்ள இடத்திலேதான் இது முதலிற் காலூன்ற முடிந்தது.

மட்டக்களப்பார் அதற்குமுன் விளையாட்டே அறியாதிருந்தவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கண்ணகை அம்மன் வழிபாட்டோடு கூடிய கொம்புமுறியில், வடசேரி தென்சேரி என்று ஊரே இரு கட்சியாகப் பிரிந்து, பிணைத்த கொம்புகளைக் கயிறு கட்டி இழுத்து, ஒன்று முறியும் வரை ஆரவாரிக்கும் உற்சாகத்தைக் கண்டவர்களுக்கு, எந்தப் போட்டியின் ஆவேசமும் புதிதாய்த் தோன்றாது. போர்த்தேங்காய் அடித்தலும், வாவிக்கரை ஊர்களின் சிலம்படியும் சீனடியும் இருக்கவே இருந்தன. கொம்புமுறியிற் சேரி பிறப்போடு வருவது. அம்மனின் அருளும் மழையும் நோய்நீக்கமும் அதிலே சம்பந்தப்பட்டவை. கூடைப்பந்தாட்டத்திலோ ஒருவன் எந்த ஊரான், எந்தக் குடியான் என்பதைக் கேளாமல் அவன் கைத்திறனை மட்டும் பார்த்தே ஐவரில் ஒருவனாக நிறுத்துவார்கள். குடியும் வரிசையும் இன்னமும் கணக்கிடப்படும் ஒரு சமூகத்தில் இது அற்ப விஷயமன்று.

மிக்கேல் கல்லூரியின் பெயர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் ஒலிக்கத் தொடங்கியது இக்குருமாரின் காலத்திலேதான். 1923ஆம் ஆண்டு லூசியானாவிற் பிறந்து, 1948ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஹெபர்ட், மட்டக்களப்பிலும் பின்னர் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மாணவரைப் பயிற்றி, கொழும்புப் பாடசாலைகளை எதிர்த்து நிற்கும் அணிகளை உருவாக்கினார். தலைநகரின் வசதிகளில் ஒன்றுமே இல்லாத கீழ்மாகாணத்துப் பிள்ளைகளுக்கு அது எத்தகைய அபிமானத்தை ஊட்டியிருக்கும் என்பதை, இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய்வந்த எந்தத் தலைமுறையினரும் ஊகித்துக்கொள்ளலாம்.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இப்பகுதி மக்களுக்கு மறக்கவொண்ணாதது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டதும், ஊர் ஊராகத் தமிழர் மறைந்துபோனதும் அம்மாதத்திலேதான். அதன் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரிற் புறப்பட்ட ஹெபர்ட் அடிகளாரும், அவருடன் வந்த தமிழ் இளைஞர் ஒருவரும் வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்கள் இற்றைவரை கண்டெடுக்கப்படவில்லை, எவரும் தண்டிக்கப்படவுமில்லை. நாற்பத்திரண்டு வருஷம் இந்த மண்ணில் உழைத்த பின், அதே மண்ணிற் காணாமற்போனோர் என்ற நீண்ட இடாப்பில் அமெரிக்கர் ஒருவரின் பெயரும் ஏறியது.

வெபர் அடிகளார் 1998ஆம் ஆண்டிற் காலமானார்; மட்டக்களப்பின் பிரதான விளையாட்டரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வெபர் மைதானம் என்று அன்றாடம் சொல்லும் இளைஞரிற் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாதிருக்கலாம். காணாமற்போனோரின் தாய்மாருக்காகவும் இனங்களிடையே சமாதானத்துக்காகவும் ஓயாமல் உழைத்த மில்லர் அடிகளார், 2019ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, தமது தொண்ணூற்று மூன்றாவது வயதில், மட்டக்களப்பிலேயே கண் மூடினார்.

குருமார் போனபின்னும் விளையாட்டு போய்விடவில்லை; அவர்களிடம் பயின்றவர்களும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் அதைத் தொடர்ந்து வருகின்றனர். ஆனால் அது பெரும்பாலும் நகரத்துப் பாடசாலைகளின் சொத்தாகவே இருந்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் மறுகரையாகிய படுவான்கரைக்கு அது இன்னும் உருப்படியாகத் தோணி ஏறவில்லை. நெல்வயலும் மாட்டுப்பட்டியும் சூழ்ந்த அவ்வூர்களின் பிள்ளைகள் உயரத்திலோ ஓட்டத்திலோ எவருக்கும் குறைந்தவர்களல்லர். மாலை வேளைகளில் அவர்கள் உதைபந்தும் கரப்பந்தும் ஆடுவதைப் பார்த்தாலே அது விளங்கும். இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் இருந்தாற் போதுமென்கிற கரப்பந்தாட்டத்தோடு அங்கே கூடைப்பந்தாட்டம் போட்டியிட வேண்டுமானால், பயிற்றுநரைத் தேடுவதற்கு முன்னரே மேசனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.